புறப்பட்டாச்சு

அன்று காலை கச்சேரி ரோடு அலுவலகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அப்துல் சமத் ஆம்புலன்ஸ் நிறுவனத்தை நடத்தும் கலீமுல்லா, அவருடைய அக்கா குல்சும், மகன் ஆசிஃப், மகள் ரூஹி, மூத்த டிரைவர் ஷரீஃப், சாந்தோமிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஸ்தனிஸ்லாஸ். கதவு சாத்தியிருந்தது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

கலீமுல்லா நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவர் என்றைக்குமே சாய்ந்ததில்லை. எதிரே ஸ்தனிஸ்லாஸ் வெள்ளை வேட்டியும் கறுப்புப் பட்டி குத்திய சட்டையுமாக, ஷரீஃப் கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் இருந்தார். போன வாரத்து மழையில் அவர் மனைவி மர்சலின் இறந்துபோனார். மூச்சுத் திணறல் வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் கூப்பிட்டது இந்த அலுவலகத்தைத்தான். வண்டி வரவில்லை.

"பாய், நான் சண்டைக்கு வரலை" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "ஒரே ஒரு கேள்வி. உங்க மெஷின் என்கிட்ட புறப்பட்டாச்சுன்னு சொல்லிச்சே, அப்ப வண்டி புறப்பட்டுச்சா?"



"புறப்பட்டாச்சு" என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் இந்தக் குடும்பத்தின் பெயரே இருந்தது. கலீமுல்லாவின் தகப்பனார் அப்துல் சமத் ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு தொடங்கிய தொழில் இது. வியாதிக்காரரோ இறந்தவரின் மையத்தோ, இந்துவோ கிறிஸ்தவரோ, கூப்பிட்டால் போவார். தன் வாசலில் "இல்லை" என்ற வார்த்தையை அவர் தடுத்து வைத்திருந்தார். வேன் வெளியே போயிருந்தாலும் போனை எடுக்கிறவர் "புறப்பட்டாச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, டாக்சியைப் பிடித்தோ, தெரிந்தவர் காரைக் கெஞ்சியோ, அந்தச் சொல்லை உண்மையாக்குவது அவர் பொறுப்பு. உண்மையாக்கியும் காட்டினார். மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் பாதி தைரியம் அடைவார்கள். கூப்பிடுகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் அதே பொது நம்பர்தான். வீட்டாருக்கென்று தனி வழி கிடையாது. அதுவும் சமத் வைத்த சட்டம்.

வண்டிகள் பெருகிய பிறகு, வரும் அழைப்புகளைப் பார்த்துப் பிரித்து அனுப்புவதற்கு ஒரு சிஸ்டம் தேவைப்பட்டது. ரூஹி அடையாறில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் எழுதும் வேலையைத்தான் செய்கிறாள். பேங்குகளின் சாஃப்ட்வேர் எந்த நிலையிலும் விழாமல் நிற்கும்படி வடிவமைப்பது அவள் தொழில். அப்பாவுக்காக, சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். தி.நகரில் ஒரு சர்வர். அது படுத்தால் அந்த நொடியே பொறுப்பை எடுத்துக்கொள்ள ஹைதராபாத்தில் இன்னொன்று. ஒரு கம்பெனியின் போன் லைன் செத்தால் வேறொரு கம்பெனியின் லைன். இண்டர்நெட் போனால் டிரைவர்களுக்கு எஸ்.எம்.எஸ். கூப்பிட்டவர் காதில் விழும் குரல் மட்டும் கலீமுல்லாவுடையது. "அப்துல் சமத் ஆம்புலன்ஸ். வண்டி புறப்பட்டாச்சு." பெருமையோடு பதிவு செய்து கொடுத்திருந்தார்.

இந்தப் பெருமைக்கு நடுவில்தான் அந்தத் தகராறு வந்தது. ரூஹியின் வடிவத்தில் கடைசியாக ஒரு படி இருந்தது. எல்லா வண்டியும் வெளியே போய், வரிசையும் நீண்டுவிட்டால், புதிதாகக் கூப்பிடுகிறவரிடம் சிஸ்டம் "வண்டி இல்லை" என்று சொல்லிவிடும்.

"அத தூக்கு" என்றார் கலீமுல்லா அப்போது.

"அத்தா, தாங்குற அளவுக்கு மேல சுமக்கிற சிஸ்டம் மொத்தமா விழுந்துடும். ஏத்துக்கிட்டவங்களையும் சேத்துக் கவுத்துடும். சில பேர்கிட்ட முடியாதுன்னு சொன்னாத்தான் மத்தவங்களுக்காவது முடியும்."

"இது பேங்க் இல்லம்மா. உங்க தாத்தா வாசல். தூக்குன்னா தூக்கு."

ரூஹி தூக்கிவிட்டாள்.

இப்போது அந்த அறையில் ஆசிஃப்தான் முதலில் வாயைத் திறந்தான். கணக்கு வழக்கு, டிரைவர்கள், ஆஸ்பத்திரி ஒப்பந்தம் எல்லாம் அவன் கையில். முந்தின நாளே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான்.

"சார், அன்னைக்கு இடி விழுந்து தி.நகர்ல கரண்ட் போச்சு. சர்வர் படுத்துடுச்சு. யார் கையிலயும் இல்லாத விஷயம் சார் அது."

ஸ்தனிஸ்லாஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆசிஃப், ஒன்பதாங் கிளாஸ்ல நீ விடைய முதல்ல எழுதிட்டு வழியப் பின்னாடி எழுதுவே. உன்னைப் பாஸ் போட்டது என் தப்பு. இன்னும் அதே பழக்கம்."

ஷரீஃபுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குல்சும் தம்பி மகனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"சார்" என்றாள் ரூஹி. "சர்வர் படுக்கலை. கரண்ட் போனது நிஜம்தான். ஹைதராபாத்ல இருக்கிறது உடனே ஏத்துக்கிச்சு. ஒரு கால்கூட கட் ஆகலை. நான் எழுதினது எல்லாமே எழுதின மாதிரியே வேலை செஞ்சுது."

"அப்புறம் ஏம்மா என் வீட்டுக்கு வண்டி வரலை?"

"வண்டி தீர்ந்துபோச்சு சார். தீர்ந்துபோச்சுன்னு சிஸ்டம் சொல்லலை. எல்லார்கிட்டயும் புறப்பட்டாச்சுன்னு சொல்லிச்சு. வண்டி வராதவங்க மறுபடி கூப்பிட்டாங்க. அதையும் புது கேஸா எடுத்துக்கிச்சு. வரிசை இன்னும் நீண்டுச்சு. கடைசில ஏற்கெனவே வேற எதுலயோ ஏறிப் போயிட்டவங்க வீட்டுக்கெல்லாம் வண்டி போய்க்கிட்டிருந்தது. உங்க வீடு பின்னாடியே நின்னுடுச்சு."

"நெசந்தான் சார்" என்றான் ஷரீஃப். "அபிராமபுரத்துல ஒரே வூட்டு வாசல்ல மூணு வண்டி நின்னுக்கினு இருந்தோம். அந்த வூட்டுக்காரங்க எப்பவோ ஆட்டோ புடிச்சிப் போய்ட்டாங்க. எதிர் வூட்டு நாயி மட்டும் எங்களப் பாத்து கொலைச்சிக்கினு இருந்துச்சு. இன்னா பண்றது, போன்ல அடுத்த வூடுன்னு வருது. போனா அங்கயும் ஆளில்ல."

ஸ்தனிஸ்லாஸ் மெதுவாகக் கேட்டார். "தீர்ந்தா தீர்ந்துபோச்சுன்னு சொல்றது அவ்ளோ கஷ்டமா?"

"அதுக்கு ஒரு படி இருந்தது சார். எடுத்துட்டோம்."

"எடுத்துட்டோம்னா? யாரு?"

ரூஹி தகப்பனார் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க தொழில்ல ஒரு பழக்கம் சார். ஒண்ணு உடைஞ்சதுக்கப்புறம் உக்காந்து பேசறப்ப, யாருன்னு கேக்க மாட்டோம். எப்படின்னு மட்டும்தான் கேப்போம். யாருன்னு ஆரம்பிச்சா அடுத்த தடவை ஒருத்தரும் உண்மை பேச மாட்டாங்க."

கலீமுல்லாவின் முகம் சுட்டது. அந்தப் பழக்கத்தின் நியாயம் அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் பெற்ற மகள் தன் துப்பட்டாவுக்குப் பின்னால் அவரை மறைத்து வைக்கிறாள். தன்னை நம்பிய மனிதர் மனைவியைப் புதைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். இந்த மறைவில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் அப்துல் சமதின் மகன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாயிருக்காது. ஆசிஃபின் பொய்யை விட மகளின் மரியாதைதான் அவரைக் கூசவைத்தது.

"நான்தான் சார்" என்றார். "எம் பொண்ணு வச்சா. நான் எடுக்கச் சொன்னேன். வேண்டாம்னு அவ சொன்னா. நான் கேக்கல."

"தம்பி" என்றார் குல்சும், எச்சரிப்பதுபோல.

"இருங்கக்கா. சார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். வண்டி புறப்படலை. நீங்க கேட்டது பொய். பொய் சொன்னது என் குரல்."

ஸ்தனிஸ்லாஸ் தலையை ஆட்டினார். மன்னித்ததற்கான ஆட்டல் அல்ல அது. கரும்பலகையில் எழுதிய விடை சரிதானா என்று பார்த்துவிட்டு ஆட்டுவாரே, அது.

"பட்டினப்பாக்கத்துலருந்து சுப்புராயன் வந்தான்" என்றார். "மீன் வண்டிக்காரன். அவன் பொண்ணு மர்சலின்கிட்ட படிச்சவ. விஷயம் கேள்விப்பட்டு, ஐஸ் பெட்டியெல்லாம் ரோட்டுல எறக்கிப் போட்டுட்டு வந்து நின்னான். டீச்சரம்மாவ ஏத்து நைனான்னான். மர்சலினுக்கு அந்த மூச்சிலயும் சிரிப்பு. மீன் வண்டியிலயான்னு கேட்டா. நான்தான் சொன்னேன், வேணாம்ப்பா, கலீமுல்லா பாய் வண்டி புறப்பட்டாச்சு, நீ போன்னு. அவன் போக மாட்டேன்னான். நான் கோவிச்சுக்கிட்டு அனுப்பினேன்."

குல்சும் முக்காட்டை இழுத்துக்கொண்டார். மழைக்காலத்தில் அவருக்கும் மூச்சு இழுக்கும். ஆதம்பாக்கத்தில் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறார். மகன் துபாயில். மூச்சுக்குக் காற்று இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்ன என்று அந்த அறையில் அவருக்கு மட்டுமே தெரியும்.

"அடுத்த புயல் சின்னம் உருவாகியிருக்குன்னு நியூஸ்ல சொல்றான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "உங்க மெஷின் அன்னைக்கு என்ன சொல்லப்போகுது?"

இந்தக் கேள்விக்காகத்தான் ரூஹி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எடுத்த படியைத் திரும்ப வைக்காமல் சிஸ்டத்தை மழையில் ஓட விட மாட்டேன் என்று அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"வச்சுடு" என்றார் கலீமுல்லா.

"அத்தா வாசல்ல இல்லைங்கற சொல்லா?" குல்சும் எழுந்துவிட்டார். "அதைச் சொல்ற நாக்கு இந்த வீட்டுல யாருக்குடா இருக்கு?"

"ரெக்கார்டிங் கம்பெனில ஒரு பொண்ணு குரல் வாங்கிக்கலாம்" என்றான் ஆசிஃப். "நம்ம பேர்ல இருக்காது."

"கூடாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "பாய், யாரோ ஒரு பொண்ணு இல்லைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், பாய் எப்படியும் அனுப்புவாருன்னு காத்துக்கிட்டுதான் இருந்திருப்பேன். புறப்பட்டாச்சுன்னு எந்தக் குரல் சொல்லிச்சோ, அதே குரல்தான் இல்லைன்னும் சொல்லணும். அது சொன்னாத்தான் ஜனங்க வேற வண்டியத் தேடுவாங்க."

அவ்வளவுதான். டீயைக் குடிக்காமலே எழுந்தார். கலீமுல்லா வாசல் வரை போய் வழியனுப்பினார்.

அன்று பிற்பகலே பதிவு நடந்தது. "மன்னிக்கவும், தற்சமயம்" என்று தொடங்கி ஆசிஃப் ஏதோ எழுதிக்கொண்டு வந்தான். ரூஹி அதை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். "உங்க குரல் கேட்டதுமே வண்டி வருதுன்னு நினைச்சு போனை வச்சிடுவாங்க அத்தா. முதல்லயே இல்லைன்னு காதுல விழணும்." கலீமுல்லா மைக் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். "வண்டி" என்றார். அடுத்து நாக்கு தானாகப் "புறப்பட்டாச்சு" என்றது. மறுபடியும் அப்படியே ஆயிற்று. ரூஹி முதலிலிருந்து ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பதிவானது இது: "இல்லை. வண்டி இல்லை. எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். நூற்றியெட்டைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்தில் எந்த வண்டி கிடைத்தாலும் உடனே கிளம்புங்கள்."

"நம்ம வீட்டாளுங்களுக்கு மட்டும் ஒரு வழி வச்சிடுக்கா" என்று ஆசிஃப் ரூஹியிடம் தணிந்த குரலில் கேட்டான். "குல்சும் குப்பி நம்பர், மாமா நம்பர். அதெல்லாம் வரிசைல முன்னாடி வர மாதிரி."

"தாத்தா வைக்காத வழிய நீ வைக்கிறியா?" என்றார் கலீமுல்லா.

புயல் சொன்னபடியே வந்தது. விடிந்ததிலிருந்து பேய் மழை. வேளச்சேரியும் ஆதம்பாக்கமும் முதலில் மூழ்கின. மேற்கு மாம்பலத்தில் சுரங்கப்பாதை நிரம்பியது. நண்பகலுக்குள் எல்லா வண்டியும் வெளியே. ரூஹி திரைக்கு முன்னால். கலீமுல்லா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் பச்சை வரிகள் ஏற்றுக்கொண்ட அழைப்புகள். வரிசை நிரம்பியதும் முதல் சிவப்பு வரி விழுந்தது. எங்கோ ஒருவர் காதில் அவர் குரல் "இல்லை" என்றது. அப்புறம் இன்னொரு சிவப்பு. அப்புறம் எண்ண முடியவில்லை. கீழே அலுவலகப் போனில் கூப்பிட்டுத் திட்டினார்கள். சமத் பாய் பெத்த பிள்ளையா இது என்று ஒருவர் கேட்டார். ஆசிஃப் அந்தப் போனை அணைக்கப் போனான். "அணைக்காதே. திட்டட்டும்" என்றார் கலீமுல்லா.

ஆனால் பச்சை வரிகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி போயிற்று, ஆள் இருந்தார், ஏற்றிக்கொண்டு வந்தது. ஷரீஃப் போனில் கத்தினான்: "தண்ணி இடுப்பு வரைக்கும் கீது முதலாளி! ஆனா போற எடத்துல ஆளு கீது. இப்பத்தான் இது பொழப்பு!"

பிற்பகல் தாண்டியிருக்கும். ரூஹியின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"அத்தா. குப்பி நம்பர்."

சிவப்பு வரி. ஆதம்பாக்கம். அழைப்பு வந்தது, பதில் சொல்லப்பட்டது, முடிந்தது. குல்சும் பொது நம்பருக்குத்தான் கூப்பிட்டிருந்தார். தம்பியின் குரலில் "இல்லை" என்று கேட்டுவிட்டு வைத்திருந்தார்.

கலீமுல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டார். திரையில் அந்தப் பக்கமாக ஒரு வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. நங்கநல்லூரில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்காக ஷரீஃப் ஓட்டிக்கொண்டு போகிற வண்டி.

"திருப்பலாம்" என்றாள் ரூஹி. "வழியிலதான் இருக்கான். என் கை போகாது அத்தா. நீங்க சொன்னீங்கன்னா போகும்."

அவர் அந்த வண்டியின் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர். புள்ளி ஆதம்பாக்கம் திருப்பத்துக்கு வந்தது. தாண்டியது.

"ஒரு தடவை நான் சொல்லி நீ அந்தப் படிய எடுத்தே" என்றார். "போதும்."

தன் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஆசிஃப் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான். சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்ட முடியாமல் நனைந்து திரும்பி வந்தான்.

நடந்ததைப் பிற்பாடு பக்கத்து வீட்டுத் தாயம்மா சொன்னாள். குல்சும் போனை வைத்ததும், "தம்பியோட சொந்த நம்பருக்கு அடிக்கட்டுமாம்மா" என்று அவள்தான் கேட்டாளாம்.

"இன்னாத்துக்கு?" என்றாராம் குல்சும், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "அவன் வாயாலயே இல்லைன்னுட்டான். எந்தம்பி இல்லைன்னா இல்லைதான். நீ வேற வண்டியப் பாரு."

தாயம்மாவின் மருமகன் வாட்டர் கேன் போடுகிறவன். கேன்களை வாசலில் உருட்டித் தள்ளிவிட்டு, குல்சுமைத் தன் வண்டியின் பின்னால் படுக்கவைத்து, தார்ப்பாயால் மூடிக் கொண்டுபோனான். நடுவில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றது. தெருக்காரர்கள் தள்ளினார்கள். ஆஸ்பத்திரி சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது.

தண்ணீர் வடிந்து கலீமுல்லா போய்ச் சேர்ந்தபோது குல்சும் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தார். குல்சும் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"நல்லா கணீர்னு சொன்னே" என்றார். "ஒரு தடவை கேட்டதும் புரிஞ்சிடுச்சு."

"அக்கா..."

"நங்கநல்லூர்ப் பொண்ணுக்கு இன்னா கொளந்த?"

"ஆம்பளப் புள்ள."

குல்சும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, மறுநாள் மாலை அந்தக் கட்டிலிலேயே மௌத்தானார். மையத்தை எடுத்துவந்தது அப்துல் சமத் வண்டி, ஷரீஃப் ஓட்டினான். அடக்கத்துக்கு ஸ்தனிஸ்லாஸ் வந்திருந்தார். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே, கைகட்டி, கூட்டம் கலையும் வரை நின்றார். கலீமுல்லா அவரைப் பார்த்தார்.

அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. பெருமழை நாட்களில் ஒலிக்கிறது. ரூஹி அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

இப்போது மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண வீடு வரைக்கும் போய்விட்ட பேச்சு ஒன்று உண்டு. கலீமுல்லாவின் சொந்த அக்கா, தம்பியின் வண்டி வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உயிரை விட்டாராம். அது பொய். குல்சும் காத்திருக்கவில்லை.